மெய்ப்பாடும் சொல்லும்: தொடர்பாடலில் உடற்குறிப்பின் பணியும் எல்லையும்

மனிதன் தன் உள்ளக் கருத்தைப் பிறருக்கு உணர்த்துவதற்கு மொழியைப் பெருங்கருவியாகக் கொண்டுள்ளான் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அம்மொழி வாயினின்றும் தனித்து வெளிப்படுவதில்லை. சொல் பிறக்கும்போதே பேசுவோனின் கண்ணும் புருவமும் கையும் தோளும் அவன் நிற்கும் நிலையும் உடன் தொழிற்படுகின்றன. கேட்போனும் தன் செவியை மட்டுமன்றிக் கண்ணையும் கொண்டே பொருள் கொள்கிறான். இவ்வாறு சொல்லல்லாத வழியால் உடல் உணர்த்துவனவற்றை இக்கட்டுரை உடற்குறிப்பு என்னும் பெயரால் வழங்குகின்றது.

உடற்குறிப்பைப் பற்றி இரு வேறு மனப்பாங்குகள் நம்மிடையே நிலவுகின்றன. மொழிக்கல்வி எழுத்திலும் இலக்கணத்திலும் ஊன்றி நிற்பதால், உடல் பேசுவதைப் பொருட்படுத்தாது விடுதல் ஒன்று. உடலே மெய்யைச் சொல்லும், வாய் பொய்யைச் சொல்லும் என்று கொண்டு, ஒருவன் கையைக் கட்டியிருப்பதையும் கண்ணைத் தாழ்த்தியிருப்பதையும் கண்ட மாத்திரத்தே அவனை எடைபோட்டு விடுதல் மற்றொன்று. பயிற்சி வகுப்புகளிலும் சுயமுன்னேற்ற நூல்களிலும் இவற்றுள் இரண்டாவதே இன்று பெரிதும் பரப்பப்படுகின்றது. இவ்விரண்டும் பிழையென்பதும், பின்னையது முன்னையதிலும் பெருந்தீங்கு பயப்பது என்பதும் இக்கட்டுரையாசிரியரின் கருத்தாகும். ஏனெனில், நேர்முகப் பரீட்சையிலும் வைத்தியசாலையிலும் வகுப்பறையிலும் நீதிமன்றத்திலும் ஒருவரது உடற்குறிப்பைக் கொண்டு மற்றொருவர் தீர்ப்பு வழங்குகின்றார். அத்தீர்ப்புப் பிழைபடின், தொழிலையும் உடல்நலத்தையும் சில வேளைகளில் விடுதலையையும் இழப்பவர் தீர்க்கப்படுபவரேயாவர்.

1. தமிழ் மரபில் மெய்ப்பாடு

உடற்குறிப்பு ஆய்வை இருபதாம் நூற்றாண்டின் புதுத்துறையாகக் கருதுவோர் உளர். ஆயின், தமிழில் அதற்கு நெடிய வரலாறு உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஆறாவது மெய்ப்பாட்டியலாகும். மெய் என்பது உடல். பாடு என்பது தோன்றுதல். உள்ளத்து நிகழ்ச்சி உடலின் வழியே பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இவ்வியலுக்கு இளம்பூரணரும் பேராசிரியரும் எழுதிய உரைகள் நமக்குக் கிடைத்துள்ளன. புறத்தேயுள்ள பொருள், அதனைப் பொறி உணர்தல், அதனால் உள்ளத்தில் எழும் குறிப்பு, அக்குறிப்பின் பயனாய்க் கண்ணீர், மெய்ம்மயிர் சிலிர்த்தல் முதலியனவாக உடலில் தோன்றும் விறல் என்னும் படிமுறையில் இது நிகழ்வதாக உரைமரபு விளக்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளின் பெயரை அடுக்கியதோடு அமையவில்லை. ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறி, மொத்தம் 32 ஆக விரித்தார். எடுத்துக்காட்டாக, நகை தோன்றும் களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. பிறனை இகழ்ந்து சிரிப்பவனும் சிரிக்கிறான். குழந்தையின் மழலை கேட்டவனும் சிரிக்கிறான். ஒன்றை அறியாது விழிப்பவனும் சிரிக்கிறான். முகத்தில் தோன்றும் குறி ஒன்றாயினும் அதன் வேர் வேறு வேறு. அழுகைக்கும் இழிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு களன்கள் உள. பொருளிழந்து அழுபவனும் அவமதிக்கப்பட்டு அழுபவனும் வடிக்கும் கண்ணீர் கண்ணுக்கு ஒன்றே. ஆகவே, குறியை மட்டும் கண்டு காரணத்தைத் துணிதல் இயலாது. களனையும் ஆராய்தல் வேண்டும் என்பது இப்பகுப்பின் உட்கிடை எனலாம்.

இவ்வியலின் இறுதி நூற்பாவும் ஈண்டு நோக்கற்பாலது. மெய்ப்பாட்டின் நுட்பத்தைக் கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்லவர்க்கன்றிப் பிறர்க்கு அறிதல் அரிது என்பது அதன் கருத்து. மெய்யில் தோன்றுவதைப் பற்றிய இயலின் முடிவிலே, கண்ணோடு செவியையும் ஆசிரியர் சேர்த்து வைத்தமை கருதற்குரியது. உடற்குறிப்பைச் சொல்லினின்றும் பிரித்து ஓதும் வழக்கம் தொல்காப்பிய நெறியன்று.

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள. ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரமாகவும், மற்றையது இன்பத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. அரசவையிலும் காதலிலும் சொல்லாத கருத்தை முகம் நோக்கி அறியும் திறன் போற்றப்படுகின்றது. எனினும், வள்ளுவர் உடலை எக்காலத்தும் பொய்யாத சாட்சியாகக் கொண்டாரல்லர். கூடாநட்பு என்னும் 83ஆம் அதிகாரத்திலே, பகைவன் கூப்பிய கைக்குள்ளும் கொலைக்கருவி மறைந்திருக்கக் கூடும், அவன் வடிக்கும் கண்ணீரும் அத்தகையதே என எச்சரிக்கின்றார். வணக்கமும் அழுகையும் நடிக்கப்படலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். குறிப்பறிதலின் சிறப்பும் அதன் ஆபத்தும் ஒரே நூலில் இடம்பெறுதல் சிந்திக்கத் தக்கது.

2. மேலைத்தேய ஆய்வுகள்

மேனாட்டில் இத்துறைக்கு விஞ்ஞான அடிப்படையிட்டவர் சாள்ஸ் டார்வின் ஆவார். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றிய அவரது நூல் 1872இல் வெளிவந்தது. அதற்கென அவர் 16 வினாக்களைக் கொண்ட ஒரு வினாக்கொத்தை 1867இல் அச்சிட்டு உலகின் பல பாகங்களிலும் வாழ்ந்தோருக்கு அனுப்பி, 36 விடைகளைப் பெற்றார். இலங்கையிற் பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் வடித்தமை பற்றி எமர்சன் ரெனன்ற் எழுதிய செய்தியும் அந்நூலில் எடுத்தாளப்பட்டுள்ளது. அடிப்படை உணர்ச்சிகளின் வெளிப்பாடு மனிதகுலம் முழுமைக்கும் பொதுவானது என்பது டார்வினின் முடிபு. ஆயினும் ஆம், இல்லை என்பவற்றைக் குறிக்கும் தலையசைப்பு எங்கும் ஒரேவகையாய் அமையவில்லை என்பதையும் அவர் குறித்துள்ளார்.

இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை மேற்கொண்டவர் அமெரிக்க மானிடவியலாளர் றே பேட்விஸ்ரல். 1952இல் உடலசைவியலுக்கு ஓர் அறிமுக நூலை வெளியிட்ட அவர், மொழியைப் போலவே உடலசைவும் ஒவ்வொரு சமூகத்திலும் கற்றுக்கொள்ளப்படுவது என்றும், தனியோர் அசைவுக்குத் தனிப்பொருள் இல்லை என்றும் வாதிட்டார். அவரது காலத்தவரான எட்வேட் ஹோல், மனிதர் தம்மிடையே பேணும் இடைவெளியை ஆராய்ந்தார். அவரது நூல்கள் 1959இலும் 1966இலும் வெளிவந்தன. ஏறத்தாழ ஒன்றரை அடி வரையுள்ள நெருக்க இடைவெளி, நான்கு அடி வரையுள்ள தனியாள் இடைவெளி, பன்னிரண்டு அடி வரையுள்ள சமூக இடைவெளி, அதற்கப்பாற்பட்ட பொது இடைவெளி என அவர் நான்காகப் பகுத்தார். இவ்வளவுகள் வடகிழக்கு அமெரிக்காவின் மத்தியதர வகுப்பினரிடம் காணப்பட்டவை என ஹோல் தாமே எல்லை வகுத்திருக்கவும், பிற்காலத்தார் அவற்றை உலகப் பொதுவிதியாக எடுத்தாண்டமை வருந்தத்தக்கது. நமது சந்தையிலும் பஸ் வண்டியிலும் இவ்வளவுகளைத் தேடின் கிடைக்கமாட்டா.

டார்வினின் கொள்கையைப் புதுப்பித்தவர் உளவியலாளர் போல் எக்மன். 1960களின் பிற்பகுதியில் அவரும் அவருடைய சகாக்களும் பப்புவா நியூகினியின் மலைநாட்டில், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த போரே மக்களிடம் ஆய்வு நடத்தினர். சிறு கதைகளைக் கூறி, அவற்றுக்கேற்ற முகத்தைப் புகைப்படங்களுள் தெரிவு செய்யுமாறு அம்மக்களைக் கேட்டனர். 1971இல் வெளியான முடிவின்படி, மகிழ்ச்சி, துயரம், சினம், அருவருப்பு முதலியன பெரும்பாலும் சரியாக இனங்காணப்பட்டன. ஆனால், அச்சத்தையும் வியப்பையும் பிரித்தறிவதில் அம்மக்கள் இடர்ப்பட்டனர். மருட்கையையும் அச்சத்தையும் இருவேறாகவும் அடுத்தடுத்தும் வைத்த நம் பழைய பகுப்போடு இதனை ஒப்புநோக்குவது சுவையுடையது. எக்மனின் ஆறு உணர்ச்சிகளுக்கும் எண்வகை மெய்ப்பாட்டில் ஏறத்தாழ இடமுண்டு. பெருமிதத்துக்கு அவர் பட்டியலில் இடமில்லை.

இக்கொள்கையும் பின்னர் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. லீசா பெல்ட்மன் பரெற் முதலிய ஐந்து ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, மக்கள் சினங்கொள்ளும் வேளையெல்லாம் முகத்தைச் சுளிப்பதில்லை என்றும், முகத்தைச் சுளிக்கும் வேளையெல்லாம் சினங்கொண்டிருப்பதில்லை என்றும் எடுத்துக்காட்டியது. முக அசைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புண்டு. ஆயின், அது பூட்டுக்கும் திறவுகோலுக்கும் உள்ள தொடர்பன்று. களனறிந்தே மெய்ப்பாட்டை அறியவேண்டும் என்னும் கருத்துக்கு இஃது அணித்தாக வருகின்றது.

3. உடற்குறிப்பின் வகையும் தொழிலும்

எக்மனும் வொலஸ் பிறீசனும் 1969இல் உடற்குறிப்புகளை ஐந்தாக வகுத்தனர். இப்பகுப்பு நம் அன்றாட வாழ்விற்கும் பொருந்துவதாகையால் அதனைச் சிறிது விளக்குவாம்.

முதலாவது, சொல்லுக்கு நேரான சைகை. உதட்டின்மேல் விரலை வைத்துப் பேசாதிரு என்பதும், கையசைத்து வா என்பதும் இவ்வகையின. இவற்றின் பொருளை ஒரு சமூகத்தார் யாவரும் அறிவர், வேண்டுமென்றே செய்யப்படுவன. கைகூப்புதல் இவ்வகைக்குச் சிறந்த சான்று. இலங்கையிலே தமிழர் வணக்கம் என்றும் சிங்களவர் ஆயுபோவன் என்றும் சொற்களால் வேறுபடுகையிலும், கைகள் ஒன்றுபோலவே கூடுகின்றன.

இரண்டாவது, பேச்சை விளக்கும் அசைவு. பிடித்த மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுதலும், வழி கேட்டவனுக்குச் சந்தி திரும்புவதைக் கையால் வளைத்துக் காட்டுதலும் போல்வன. மூன்றாவது, உணர்ச்சியைக் காட்டும் முகபாவம். நான்காவது, உரையாடலை ஒழுங்குபடுத்தும் குறிப்பு. ஒருவர் பேசும்போது மற்றவர் இடையிடையே தலையசைப்பதும், தாம் பேச விரும்புகையில் சற்று முன்சாய்வதும் இதன்பாற்படும். இவ்வகைக் குறிப்பு இல்லையேல் இருவர் ஒரே வேளையில் பேசத் தொடங்குவர். தொலைபேசியில் இது அடிக்கடி நிகழ்வதைக் காணலாம். ஐந்தாவது, தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் அசைவு. சேலைத் தலைப்பைத் திருகுதல், பேனையை உருட்டுதல், தலையைச் சொறிதல் ஆகியன இத்தகையன. இவை பதற்றத்தைக் காட்டலாம், சலிப்பைக் காட்டலாம், வெறும் பழக்கமாயும் இருக்கலாம்.

இவற்றுள் இரண்டாம் வகை தனிக்கவனத்துக்குரியது. கையசைவு கேட்போனுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. ஜனா ஐவர்சனும் சூசன் கோல்டின்–மெடோவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பிறவியிலேயே பார்வையற்றோர், வாழ்நாளில் ஒருமுறையேனும் பிறர் கையசைவைக் கண்டிராதவராயிருந்தும், பேசும்போது கையசைக்கின்றனர். தம்மைப்போல் பார்வையற்ற ஒருவரோடு பேசுகையிலும் அவ்வாறே செய்கின்றனர். கையசைவும் சொல்லும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள் என 1992இல் டேவிட் மக்நீல் எழுதிய கருத்துக்கு இது வலுவூட்டுகின்றது. மேடையிற் பேசும் மாணவனைக் கையை அசையாது வைத்துப் பேசுமாறு பணிக்கும் ஆசிரியர், அவனது சிந்தனையின் ஒரு பகுதியையே கட்டிப்போடுகின்றார் எனலாம்.

நமது கூத்துமரபும் உடலின் தொழிலை நன்குணர்ந்த ஒன்றாகும். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் மக்கள் சுற்றிலும் அமர்ந்து காணும் வட்டக்களரியில் விடியுமளவும் ஆடப்பட்டன. தொலைவிலும் பின்புறத்திலும் இருப்போருக்கு ஆடுவோரின் முகபாவம் தெளிவாகத் தெரிதல் அரிது. ஆகவே பாத்திரத்தின் இயல்பை வரவாட்டத்தின் தாளமும் நடையும் உடலின் நிமிர்வும் உணர்த்த வேண்டியிருந்தது. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது, பார்வையாளர் ஒருபக்கத்தே அமர்ந்தனர், ஒளியமைப்பும் மாறிற்று. அரங்கு மாறியதும் உடல் பேசும் முறையும் மாற வேண்டியதாயிற்று. குறிப்பு, அதனைக் காண்போரின் இடத்தையும் தொலைவையும் சார்ந்தது என்பதற்கு இஃது உதாரணமாகும்.

செவிப்புலனற்றோர் பயன்படுத்தும் சைகை மொழியை இவ்வைந்து வகைகளுள் அடக்குதல் தவறாகும். வில்லியம் ஸ்ரோக்கோ 1960இல் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, அது தனக்கெனக் கூறுகளும் அமைப்பும் கொண்ட முழுமையான மொழி என நிறுவினார். அஃது உடலால் பேசப்படும் மொழியேயன்றி, மொழிக்குத் துணையாகும் உடற்குறிப்பு அன்று.

4. ஏழு வீதம் என்னும் மயக்கம்

தொடர்பாடலில் சொல்லின் பங்கு 7 வீதம், குரலின் பங்கு 38 வீதம், முகத்தின் அல்லது உடலின் பங்கு 55 வீதம் என்னும் கூற்றினைக் கேளாதார் அரியர். முகாமைத்துவப் பாடக்குறிப்புகளிலும் பேச்சுப் பயிற்சி நூல்களிலும் இது மறுக்கொணாத உண்மைபோல் வழங்குகின்றது. இதன் மூலத்தை நோக்குதல் அவசியம்.

இவ்வெண்கள் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பேட் மெகரேபியனும் அவருடைய சகாக்களும் 1967இல் வெளியிட்ட இரு பரிசோதனைகளினின்றும் பெறப்பட்டவை. ஒன்றில் தனிச்சொற்கள் பல்வேறு தொனிகளில் ஒலிக்கச் செய்யப்பட்டன. மற்றையதில், இருக்கலாம் என்னும் பொருளுடைய ஓர் ஆங்கிலச் சொல் மட்டும் மூவகைத் தொனியில் பதிவுசெய்யப்பட்டு, மூவகை முகபாவங்களின் புகைப்படங்களோடு சேர்த்துக் காட்டப்பட்டது. பேசுபவர் தம் எதிரிலுள்ளவரை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதே கேட்கப்பட்ட வினா. கலந்துகொண்டோர் சிறு தொகையினரான பல்கலைக்கழக மாணவரே. இவ்விரு ஆய்வுகளின் முடிவுகளும் பின்னர் ஒன்றாக இணைக்கப்பட்டு அச்சூத்திரம் உருவாயிற்று. விருப்பு வெறுப்புப் பற்றிய செய்தியில், சொல்லும் தொனியும் முகமும் தம்முள் முரணும்போது மட்டுமே இது பொருந்தும் என மெகரேபியன் தாமே பலமுறை விளக்கியுள்ளார்.

இவ்வரையறையை நீக்கிவிட்டுக் கூறும்போது அக்கூற்று நகைப்புக்கிடமாகின்றது. சொல்லின் பங்கு ஏழே வீதமாயின், அறியாத மொழியிற் பேசப்படும் சொற்பொழிவின் பெரும்பகுதியை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். மருந்தை உணவுக்கு முன் உட்கொள்வதா பின் உட்கொள்வதா என்பதை வைத்தியரின் முகத்தை நோக்கியே அறிந்துகொள்ளல் வேண்டும். நடைமுறையில் இது நிகழ்வதில்லை. செய்தியின் உள்ளடக்கத்தைச் சொல் சுமக்கின்றது. அச்செய்தியைக் கூறுவோனின் மனநிலையையும், அதனை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பதையும் உடல் சுமக்கின்றது. ஒன்றின் பாரத்தை மற்றொன்றின் மேலேற்றி வீதக்கணக்குப் பார்ப்பது பயனற்றது.

இம்மயக்கத்தால் விளையும் தீமை சிறிதன்று. தான் கூறும் செய்தியைச் செப்பஞ்செய்வதிலும் தோள் நிமிர்த்துவதும் கைகுலுக்குவதுமே முதன்மையென மாணவன் எண்ணத் தலைப்படுகின்றான். நேர்முகப் பரீட்சை நடத்துவோரும் பரீட்சார்த்தியின் விடையைவிட அவரது இருக்கைநிலையை உற்றுநோக்கத் தொடங்குகின்றனர். ஆங்கிலப் பாடசாலைப் பழக்கமும் நகர வாழ்வும் வாய்க்கப்பெற்றவர், வாய்க்கப்பெறாதவரிலும் மேம்பட்டவராகத் தோன்றுவதற்கு இது வழிசெய்கின்றது.

5. பண்பாடும் குறிப்பும்

ஒரே குறிப்பு ஈரிடத்தில் இருபொருள் தரலாம். தென்னாசியாவில் தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்தாட்டுதல் உடன்பாட்டையோ, கேட்டுக்கொண்டிருப்பதையோ, மரியாதையையோ குறிக்கும். இதனை முதன்முறை காணும் மேனாட்டார் மறுப்பென்றோ ஐயமென்றோ மயங்குவதுண்டு. பல்கேரியாவில் தலையை மேலுங் கீழும் அசைப்பது மறுப்பாகும்.

இவற்றிலும் முக்கியமானது கண்ணோக்கு. மேனாட்டு நூல்கள் நேர்நின்று கண்ணை நோக்கிப் பேசுதலை நேர்மைக்கும் தன்னம்பிக்கைக்கும் அடையாளமெனக் கூறும். நம் சமூகத்தில் ஆசிரியர் கண்டிக்கும்போதும் பெரியோர் பேசும்போதும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வதே பணிவெனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. நேரே நோக்கும் பிள்ளையை, முறைத்துப் பார்க்கிறான் எனக் கடிவோமன்றோ? அவ்வாறு வளர்க்கப்பட்ட இளைஞன் ஒருவன் நேர்முகப் பரீட்சையில் கண்ணைத் தாழ்த்தினால், அவனை நம்பிக்கையற்றவன் எனத் தள்ளிவிடுவது எவ்வகையில் நீதியாகும்? கிராமத்துத் தாயொருத்தி வைத்தியர் கூறுவனவற்றுக்கெல்லாம் தலையாட்டுகின்றாள். அத்தலையாட்டு, விளங்கியது என்பதன் குறியன்று. பெரியவர் பேச்சை மறுக்கலாகாது என்னும் மரியாதையின் குறியாகவும் இருக்கலாம். வைத்தியர் அதனை விளக்கமெனக் கொண்டு விடுவாராயின், மருந்து தவறாக உட்கொள்ளப்படும்.

பண்பாட்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வயது, பால், வகுப்பு, தொழில் என்பவற்றுக்கேற்பவும் தனியாள் இயல்புக்கேற்பவும் குறிப்பு மாறும். ஆதலின் தமிழர் யாவரும் இவ்வாறே செய்வர் என்று பொதுவிதி கூறுவதும் மேனாட்டு அளவுகோலைப் பொருத்துவதைப்போன்ற பிழையே.

6. நீதிமன்றத்தில் உடற்குறிப்பு

உடற்குறிப்பின் பயனும் எல்லையும் ஒருங்கே தெளிவாகும் இடம் நீதிமன்றமாகும். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், பேசவியலாத சாட்சி மன்றில் சைகையால் அளிக்கும் சான்றையும் வாய்மொழிச் சான்றாகவே ஏற்கின்றது. இச்சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு கொலை வழக்கு, 1936இல் அக்காலத்து இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சிலின் முன் சென்றது. கழுத்து வெட்டப்பட்ட பெண்ணொருத்தி பேசும் ஆற்றலை இழந்திருந்தாள். எனினும், பிறர் பேசுவதை விளங்கிக்கொள்ளவும் சைகை காட்டவும் தலையைச் சிறிது அசைக்கவும் அவளால் முடிந்தது. அவள் சில சைகைகளைக் காட்டியிருந்தாள். இன்னார்தாம் உன்னை வெட்டினாரா என நேரே வினவியபோது தலையசைத்து ஆமென்றாள், பின்னர் இறந்தாள். சொல்லின்றி அசைவால் உணர்த்தியது சட்டத்தின் கண்ணில் ஒரு கூற்றாகுமா என்பதே பிரச்சினை.

வினாவும் சைகைகளும் அதற்கு உடன்பாடாக அமைந்த தலையசைப்பும் சேர்ந்து ஒரு சொற்கூற்றாகும் என்றும், ஆகவே சான்றாக ஏற்கத்தக்கது என்றும் மன்றம் தீர்த்தது. ஆயின், அத்துடன் ஓர் எல்லையையும் வகுத்தது. தலையசைப்பு நீங்கலாக, அப்பெண் காட்டிய ஏனைய சைகைகளுக்குச் சாட்சிகள் தாம் கற்பித்த பொருளைச் சான்றாக அளிக்க இடமில்லை என்பதே அது. கண்டதைச் சாட்சி கூறலாம். கண்டதன் பொருள் இதுவெனச் சாட்சி துணியலாகாது. குறியையும் அதன் விளக்கத்தையும் இவ்வாறு பிரித்தறிதல், உடற்குறிப்பை ஆராயும் எவருக்கும் முதற்பாடமாக அமையத்தக்கது. தலையசைப்புக்கு மட்டும் உறுதியான பொருள் கிடைத்ததன் காரணமும் வெளிப்படை. அதன் முன்னே ஒரு வினா, அதாவது சொல், நின்றது. சொல்லே அவ்வசைவுக்குப் பொருளை வரையறுத்தது.

இதற்கு மாறாக, சாட்சி கூறுவோரின் நடத்தைத் தோற்றத்தைக் கொண்டு அவர் உண்மை கூறுகிறாரா என மதிப்பிடும் வழக்கமும் ஆங்கிலச் சட்டமரபில் ஆழ வேரூன்றியுள்ளது. சாட்சியை நேரிற் கண்ட நீதிபதிக்கு, எழுத்துப்பதிவை மட்டும் வாசிக்கும் மேன்முறையீட்டு நீதிபதியிலும் பெருவாய்ப்பு உண்டென்பது அம்மரபின் கொள்கை. ஆயின் உளவியலாய்வுகள் இக்கொள்கைக்கு ஊறு விளைவிக்கின்றன. பெலா டிபோலோவும் பிறரும் 2003இல் பொய்க்குரிய குறிகள் எனக் கருதப்பட்ட 158 கூறுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, அவற்றுட் பலவும் பொய்யோடு தொடர்பற்றனவாக அல்லது மிக மெல்லிய தொடர்புடையனவாகவே காணப்பட்டன. சாள்ஸ் பொண்டும் டிபோலோவும் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 24,000க்கு மேற்பட்டோர் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய முயன்றதில், சராசரியாக 54 வீதமே சரியாக அமைந்தது. நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தாலும் 50 வீதம் கிடைக்கும். அதே ஆண்டில் வெளியான, 58 நாடுகளில் நடத்தப்பெற்ற ஆய்விலோ, பொய்யர் கண்ணைத் தவிர்ப்பர் என்னும் நம்பிக்கையே உலகெங்கும் முதலிடம் பெற்றது. எங்கும் பரவிய நம்பிக்கை எங்கும் உண்மையாகி விடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆங்கில நீதிபதி ரொம் பிங்கம் 1985இலேயே, சாட்சியின் தோற்றத்தைவிட அவரது கூற்றின் உட்பொருத்தமும், பிற சான்றுகளோடு அதன் இயைபுமே நம்பகமான அளவுகோல்கள் என எழுதினார்.

உரைபெயர்ப்பாளர் ஊடாகச் சாட்சியமளிப்போரின் நிலை மேலும் இடர்ப்பாடானது. சாட்சி தன் சொல்லோடு சேர்த்துக் கையை அசைக்கிறார், முகம் மாறுகிறார். அவ்வேளையில் அச்சொல் நீதிபதிக்கு விளங்குவதில்லை. சிறிது கழித்து உரைபெயர்ப்பாளரின் சலனமற்ற குரலில் அச்சொல் வரும்போது, சாட்சியின் முகம் அடுத்த வினாவை எதிர்பார்த்து நிற்கிறது. கண்ணும் செவியும் இரு வேறு கணங்களில் இரு வேறு செய்திகளைப் பெறுகின்றன. அன்றியும், சாட்சி வினாவுபவரை நோக்காது தன் மொழியறிந்த உரைபெயர்ப்பாளரையே நோக்குதல் இயல்பு. அதனை ஒளிப்பாகக் கருதிவிடலாம். பல மொழி வழங்கும் நம் நாட்டில், தன் மொழியறியா மன்றின்முன் நிற்பவருக்கு இது வெறுங்கற்பனையன்று. அவர் தாழ்த்திய கண்ணைக் குற்றத்தின் அடையாளமாகப் படிக்கும் ஒருவர், சொல்லை இழந்த நிலையில் உடலை மட்டும் படிக்கிறார்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால், உடற்குறிப்பு பயனற்றது என்பது பெறப்படாது. 2020இலும் அதனையடுத்தும் கொவிட் நோய்ப்பரவலின்போது முகக்கவசம் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்த காலத்தில், குழந்தைகளுக்குக் கற்பித்த ஆசிரியரும் நோயாளரைத் தேற்றிய தாதியரும் அதன் இழப்பை நன்குணர்ந்தனர். உடற்குறிப்பின்றிச் சொல் வறிதாகும். ஆயின், சொல்லின்றி உடற்குறிப்புப் பல பொருள்படும்.

ஆகவே, பயன்மிகு தொடர்பாடலை நாடுவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். ஒருவரது அசைவு மாறியதைக் காண்பதற்கு முன், அவரது வழக்கமான அசைவு யாதென அறிதல் வேண்டும். தனியொரு குறியைக் கொண்டு துணியாது, பல குறிகளின் இயைபையும் அவை தோன்றிய களனையும் நோக்குதல் வேண்டும். தன் பண்பாட்டின் அளவுகோலைப் பிறர்மேற் சுமத்தலாகாது. எல்லாவற்றிலும் மேலாக, கண்டது ஐயத்தை எழுப்புமாயின் அதனை முடிபாகக் கொள்ளாது வினாவாக மாற்றுதல் வேண்டும். தலையாட்டும் நோயாளியை நோக்கி, மருந்தை எவ்வாறு உட்கொள்வீர்கள் எனக் கூறச்செய்யும் வைத்தியரும், மௌனமாயிருக்கும் மாணவனை அறிவிலியெனத் தள்ளாது தனியே அழைத்து வினவும் ஆசிரியரும் இந்நெறியையே பின்பற்றுகின்றனர். பேசுவோரும் தம் உடலைப் பொய்யாகப் புனைவதைவிட, சொல்வதைத் தாமே தெளிவாக உணர்ந்து பேசுவதே நன்று; சிந்தனை தெளியின் கையும் முகமும் தாமாகவே அதனோடு இயைந்து செல்லும்.

மெய்ப்பாட்டை அறிதற்குக் கண்ணும் செவியும் ஒருங்கே வேண்டுமெனத் தொல்காப்பியம் கூறியதைப் பழம்பெருமைக்குரிய ஒரு செய்தியாக மட்டும் நாம் கொள்ளலாகாது. பரீட்சைக் குழுக்களிலும் வைத்தியசாலைகளிலும் நீதிமன்றங்களிலும் பிறரைக் கண்ணால் அளந்து தீர்ப்பளிக்கும் பொறுப்பு, இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் பலருக்கு நாளை வாய்க்கவிருக்கின்றது. அவர்கள் தம் எதிரே நிற்பவரின் மெய்யைக் காண்பதோடு, அவர் சொல்லை அவர் மொழியிலே கேட்கவும் முயல்வாராயின், அதுவே இவ்வாய்வின் பயனாகும்.